செவிலியராகப் போகும் நம் பிள்ளைகள்

மே மாதம் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் ஓர் அமைதியின்மை குடிகொண்டுவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளியான அன்று மாலையே உற்றாரும் உறவினரும் கூடிவிடுகின்றனர். மருத்துவப் படிப்புக்கு மதிப்பெண் போதாது. பொறியியல் படித்தால் வேலை கிடைக்குமோ கிடைக்காதோ என்னும் ஐயம் வேறு. அவ்வேளையில் யாரேனும் ஒருவர், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் சித்தப்பாவோ மாமாவோ, "நர்சிங்கில் சேர்த்துவிடுங்கள், வேலைக்குப் பஞ்சமே இல்லை" என்கிறார். அவ்வளவில் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. யாருக்காக அம்முடிவு எடுக்கப்பட்டதோ, அந்தப் பெண் அடுக்களையில் நின்று வந்தவர்களுக்குக் காப்பி ஆற்றிக் கொண்டிருக்கிறாள்.

மாமா கூறியது பொய்யன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டைச் செவிலியர் ஆண்டாகக் கொண்டாடியபோது வெளியிட்ட அறிக்கையில், உலகில் இன்னும் 59 இலட்சம் செவிலியர் தேவைப்படுகின்றனர் எனக் கணக்கிட்டது. வேலை உண்டு, ஐயமில்லை. ஆனால், வேலை கிடைப்பது வேறு. கிடைத்த வேலையில் முப்பது, நாற்பது ஆண்டுகள் மனம் உடையாமல் நிலைத்து நிற்பது வேறு. முன்னதைப் பற்றிப் பேச ஊரெங்கும் ஆட்கள் இருக்கின்றனர். பின்னதைப் பற்றி இம்மாதம் நாம் சற்றுச் சிந்திப்போம்.

தொழில் வழிகாட்டுதலைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட டொனால்டு சூப்பர் என்னும் அமெரிக்க அறிஞர், ஓர் இளைஞன் தொழிலைத் தேர்ந்துகொள்ளும் பக்குவத்தை எவ்வாறு அடைகிறான் என்பதை ஆராய்ந்தார். அவர் வழிவந்த மார்க் சவிக்காஸ் என்பவர், ஒருமுறை பக்குவம் அடைந்துவிட்டால் மட்டும் போதாது. மாறிக்கொண்டே இருக்கும் உலகில் மீண்டும் மீண்டும் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும் ஆற்றலே இன்றியமையாதது என 1997-ஆம் ஆண்டில் எழுதினார். அவ்வாற்றலை நான்கு கூறுகளாக அவர் பிரித்துக் காட்டுகிறார். தன் எதிர்காலத்தைப் பற்றிய கரிசனை. தன் வாழ்வைத் தானே நடத்துகிறோம் என்னும் பொறுப்புணர்வு. தன்னைச் சூழ்ந்துள்ள வாய்ப்புகளை அறிய விழையும் ஆவல். இடர் வரினும் கடந்துவிடலாம் என்னும் தன்னம்பிக்கை. இவற்றை அளந்தறிவதற்கென 13 நாடுகளின் ஆய்வாளர்கள் கூடி உருவாக்கிய 24 கூற்றுகள் கொண்ட அளவுகோல் 2012-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பின்னர் செவிலியர் மாணவர்களைக் கொண்டே பல நாடுகளில், சிறப்பாகச் சீனத்திலும் துருக்கியிலும், ஆய்வுகள் நடந்துள்ளன. அவற்றின் முடிவுகளை நம் ஊர் நடப்போடு ஒப்பிட்டுப் பார்க்கையில், நம் பெரியோர் அனுபவத்தால் அறிந்திருந்த பலவற்றை அவை உறுதி செய்யக் காண்கிறோம். அவர்கள் அறிந்தும் பாராமுகமாய் விட்டுவிட்ட சிலவற்றையும் அவை எடுத்துக்காட்டுகின்றன.

முதலாவது, படிப்பைத் தேர்ந்தது யார் என்னும் கேள்வி. தானே விரும்பிச் செவிலியர் படிப்பில் சேர்ந்த மாணவி, பிறர் வற்புறுத்தலால் சேர்ந்தவளைவிட எளிதில் தன்னைத் தகவமைத்துக்கொள்கிறாள் என்பது ஆய்வுகள் பலவும் கூறும் செய்தி. இதன் காரணத்தை அறிய முதலாம் ஆண்டு மாணவியின் ஒரு நாளை எண்ணிப் பார்த்தாலே போதும். பதினேழு, பதினெட்டு வயது. வீட்டில் தன் தட்டைக்கூடத் தாய் கழுவி வைத்திருந்த பிள்ளை. மருத்துவமனை வார்டில் காலை ஏழு மணிக்கு நிறுத்தப்படுகிறாள். படுக்கை விரிக்க வேண்டும். எழ இயலாத முதியவரைப் புரட்டிப் போட்டு முதுகு துடைக்க வேண்டும். மலக்கலம் எடுக்க வேண்டும். சீழ் வடியும் புண்ணருகே நின்று கட்டு மாற்றுவதைக் கவனிக்க வேண்டும். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ, தான் காலையில் முகம் துடைத்துவிட்ட ஒருவர் மாலையில் இறந்து கிடப்பதையும் காண்பாள். அன்றிரவு விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் அழுவாள், எல்லாரும் அழுகின்றனர். தானே தேர்ந்து வந்தவள் அழுது முடித்தபின், "இதை நான் எவ்வாறு தாங்கக் கற்பேன்?" எனத் தன்னையே கேட்டுக்கொள்கிறாள். பிறரால் தள்ளப்பட்டு வந்தவளோ, "என்னை ஏன் இங்கே கொண்டு வந்து விட்டார்கள்?" என்று கேட்கிறாள். முன்னவளின் வினாவிற்கு மூத்த செவிலியர் விடை கூறலாம். பின்னவளின் வினாவிற்கு வார்டில் உள்ள எவராலும் விடை கூற இயலாது.

இதனால், பிள்ளையின் விருப்பம் தானாகவே வானத்திலிருந்து இறங்கட்டும் என்று பெற்றோர் வாளாவிருக்க வேண்டும் என நாம் கூறவில்லை. பதினேழு வயதில் உலகத் தொழில்களை எல்லாம் எடைபோட எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? பெற்றோர் ஆலோசனை கூறலாம், கூறவும் வேண்டும். ஆலோசனை எங்கே முடிந்து கட்டளை எங்கே தொடங்குகிறது என்பது மட்டுமே கேள்வி. "வேண்டாம்" என்று சொல்லும் வாய்ப்பு அவளுக்கு உண்மையாகவே இருந்ததா என்று தந்தையர் தம்மையே கேட்டுப் பார்க்கலாம். வேண்டாம் என்று சொல்ல இயலாதவள் சொல்லும் "சரி"யில் வலுவில்லை.

இவ்விடத்தில் நம் குடும்பங்களின் ஓர் இரட்டைப் போக்கையும் சொல்லாமல் விட இயலவில்லை. மகனுக்குப் பெண் தேடும்போது, வெளிநாட்டு விசா கிடைக்கும் என்பதற்காகச் செவிலியர் மணமகளையே நாடும் சில வீட்டார், அவள் இரவுப் பணிக்குப் போவதைப் பற்றி அக்கம்பக்கத்தில் முகம் சுளித்துப் பேசவும் செய்கின்றனர். தொழிலின் வருவாய் வேண்டும், தொழில் வேண்டாம். தான் செய்யும் பணி மதிப்புக்குரியது என்னும் உணர்வு மாணவியின் உள்ளத்தில் வேரூன்றுவதே தகவமையும் ஆற்றலுக்கு அடித்தளம் என்கின்றனர் ஆய்வாளர். மருத்துவமனையில் பெற்ற மதிப்பை வீட்டு வாசலில் இழக்க நேரிட்டால் அவ்வுணர்வு எவ்வாறு வேரூன்றும்? ஆடவர் நிலை இதனினும் சங்கடமானது. செவிலியர் படிப்பில் சேரும் இளைஞர் பலரிடம், "வேறு எதுவும் கிடைக்கவில்லையா, தம்பி?" என்று கேட்காத உறவினர் அரிது.

செவிலியர் பணியின் எல்லை ஒருநாளும் ஒரே இடத்தில் நின்றதில்லை. பெருமைக்குரிய ஒரு வரலாறு நம்மிடமே உண்டு. துறவற மகளிர் பேறுகாலப் பணியில் ஈடுபடுவதைத் திருச்சபைச் சட்டம் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. ஆண் மருத்துவர் முகம் பார்க்கக் கூசிய இந்தியத் தாய்மார் பிரசவத்தில் மாண்டுகொண்டிருந்த காலம் அது. ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஆக்னஸ் மக்லாரன் அம்மையார் இதற்காக உரோமையை மீண்டும் மீண்டும் வேண்டினார்; விடை கிடைக்குமுன்னே 1913-இல் இறந்தார். அவர் எழுப்பிய இராவல்பிண்டி மருத்துவமனையில் பணியாற்றிய அன்னா டெங்கல் என்னும் ஆஸ்திரிய மருத்துவர், 1925-ஆம் ஆண்டில் மருத்துவப் பணிக்கென்றே ஒரு சபையைத் தொடங்கினார். 1936-இல்தான் உரோமை அத்தடையை நீக்கியது. அதற்குமுன் நோயாளிக்குக் கஞ்சி ஊட்டவும் காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கவும் பழகியிருந்த கன்னியர் எத்தனையோ பேர், அதன்பின் நடுவயதில் மகப்பேற்றியல் கற்கப் புறப்பட்டனர். குண்டூரில் ஆஸ்திரேலிய மருத்துவரான அருட்சகோதரி மேரி குளோரி 1920 முதல் அப்பகுதிப் பெண்களைச் செவிலியராகவும் மருத்துவச்சிகளாகவும் பயிற்றுவித்து வந்தார். 1943-இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. நம் வேலூரை எடுத்துக்கொண்டால், 1909-இல் தாதியர் பள்ளியாகத் தொடங்கியது, 1946-இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. டில்லியில் தொடங்கிய கல்லூரியுடன் சேர்ந்து, நாட்டிலேயே செவிலியர்க்குப் பட்டம் அளிக்க முன்வந்த முதல் இரண்டனுள் அது ஒன்று. அன்று பட்டம் எதற்கு, பரிவு போதாதா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக் கருவியின் எண்களைப் படித்து நொடியில் முடிவு செய்யும் செவிலியரைப் பார்க்கிறவர் அக்கேள்வியைக் கேட்க மாட்டார்.

வகுப்பறையிலிருந்து வார்டுக்குச் செல்லும் வழி அத்துணை இனிதன்று. மார்லீன் கிரேமர் என்னும் அமெரிக்கச் செவிலியர் பேராசிரியை 1974-ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். புதிதாகப் படித்து வெளிவந்த செவிலியர் ஏன் வேலையை விட்டு ஓடுகின்றனர் என்பதே அதன் பொருள். வகுப்பில் ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் செலவிட்டு அணு அணுவாகப் பேணக் கற்ற பெண், வேலையில் சேர்ந்ததும் ஒரே வேளையில் பதினைந்து, இருபது நோயாளிகளுக்கு நடுவே ஓடுகிறாள். கற்றது ஒன்று, நடப்பது ஒன்று. அந்த அதிர்ச்சியில் சிலர் கற்ற நெறியைக் கைவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாகின்றனர். சிலர் தொழிலையே கைவிடுகின்றனர். வேறு சிலர் மட்டும் இரண்டையும் இணைக்கும் வழி கண்டுபிடிக்கின்றனர். பத்தாண்டுகளுக்குப் பின் 1984-இல் பாட்ரீசியா பென்னர் எழுதிய நூல், இவ்வழியைப் படிப்படியாக விளக்கியது. ஒரே வகைப் பணியில் இரண்டு, மூன்று ஆண்டுகள் உழைத்தபின்பே ஒரு செவிலியர் திறமுடையவர் என்னும் நிலையை அடைகிறார் என்பது அவர் கணிப்பு. ஆகவே, வேலையில் சேர்ந்த ஆறாம் மாதம், "எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, அம்மா" என்று தொலைபேசியில் விம்மும் மகள் தோற்றுப்போனவள் அல்லள். அவள் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறாள்.

அந்த இரண்டு, மூன்று ஆண்டுகளை அவள் கடப்பதும் கடவாததும் பெரும்பாலும் அருகில் நிற்பவரைப் பொறுத்தவை. தவறிய ஊசியை மெல்ல வாங்கி, "இப்படிப் பிடி, நரம்பு தெரியும்" என்று காட்டிக்கொடுக்கும் மூத்த செவிலியர் ஒருவர் வாய்த்தால் அந்த மாணவியின் நம்பிக்கை ஓர் அடி உயர்கிறது. நோயாளியின் உறவினர் முன்னிலையிலேயே மாணவியைத் திட்டி அவமானப்படுத்தும் ஒருவர் வாய்த்தால், அதே பெண் அடுத்த நாள் கைநடுக்கத்தோடு வருவாள். "நாங்கள் படித்தபோது இதைவிடக் கடுமை" என்று சொல்லி இவ்வழக்கத்தை நியாயப்படுத்துவோரும் உளர். தாம் பட்ட அடியைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுப்பதைப் பயிற்சி என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை. மருத்துவமனைச் சூழலும் ஆசிரியரின் ஆதரவும் மாணவர்களின் தகவமையும் ஆற்றலோடு நெருங்கிய தொடர்புடையவை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

தமிழ்வழியில் பயின்ற பிள்ளைகளின் இடர் ஒன்றுண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை உடலியலைத் தமிழில் கற்றவள், கல்லூரியில் முதல் நாளே ஆங்கிலப் பாடநூலைத் திறக்கிறாள். அவளுக்கு அறிவு குறைவன்று. சொல் தெரியவில்லை, அவ்வளவே. முதல் பருவத்தேர்வில் தவறினால் "நான் இதற்கு ஏற்றவள் அல்லள்" என்று முடிவு கட்டிவிடுகிறாள். 2021-22 கல்வியாண்டு முதல் பட்டப்படிப்பு எட்டுப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டுவிட்டதால், மொழியோடு மல்லுக்கட்ட முன்போல் ஓராண்டு அவகாசம் கிடைப்பதில்லை. ஆனால், இதே பெண் வார்டில் நோயாளியின் ஊர்ப் பேச்சைப் புரிந்துகொள்வதில் எல்லாரையும் விஞ்சுவாள். "நெஞ்சு கரிக்குது", "அடிவயிறு இழுத்துப் பிடிக்குது" என்று பாட்டி சொல்வதை மருத்துவரிடம் சரியாக எடுத்துரைப்பவள் அவளே. ஆசிரியர் இதைக் கண்டு ஒரு வார்த்தை பாராட்டினால் போதும். ஆங்கிலம் மெல்ல வரும். கோடை விடுமுறையில் பாடச் சொற்களைக் கற்றுக்கொடுக்கும் ஒரு வகுப்பைப் பங்குகளில் நடத்தினால் என்ன? பணம் அதிகம் செலவாகும் காரியமன்று. பணி ஓய்வு பெற்ற செவிலியர் எத்தனையோ பேர் நம் பங்குகளில் இருக்கின்றனர்.

இனிக் கடன். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனெனில், தகவமையும் ஆற்றலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மாணவியின் மனத்தை மட்டும் பார்க்கின்றனர். அவள் தந்தை கையெழுத்திட்ட பத்திரத்தைப் பார்ப்பதில்லை. வங்கியின் கல்விக்கடன் திட்டத்தில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆயினும் வட்டி அக்காலத்திலும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். வங்கியில் கிடைக்காதவர்கள் நகையை அடகு வைக்கின்றனர், வட்டிக்காரரிடம் போகின்றனர். மகள் படித்து முடிக்கும் நாளில் அவள்முன் இரண்டு வழிகள் இருக்கலாம். ஊரருகே உள்ள மருத்துவமனையில் குறைந்த சம்பளத்தில் நல்ல அனுபவம் பெறுவது ஒன்று. யாரோ ஒரு முகவர் காட்டும் நாட்டுக்கு உடனே பறப்பது மற்றொன்று. கடன் இருக்கும் வீட்டில் முதல் வழி அடைபட்டுவிடுகிறது. எதைத் தேர்வது என ஆராயும் உரிமையே பறிபோன பிறகு, அவளிடம் தகவமையும் ஆற்றல் குறைவு என்று அளந்து எழுதுவதில் என்ன பொருள் உண்டு?

2014-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஈராக் நாட்டில் திக்ரித் நகரைத் தீவிரவாதிகள் கைப்பற்றியபோது, அங்குள்ள மருத்துவமனையில் 46 இந்தியச் செவிலியர் சிக்கிக்கொண்டனர். பெரும்பாலோர் கேரளத்தினர். சூலை மாதத் தொடக்கத்தில் அவர்கள் மோசூல் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டு, 5-ஆம் நாள் கொச்சி வந்து சேர்ந்தனர். நாடே மூச்சு விட்டது. ஆனால், அந்நாட்களில் செய்தித்தாள்களில் வந்த ஒரு செய்தி நம்மை இன்றும் உறுத்துகிறது. குண்டுச் சத்தத்தின் நடுவிலும் அவர்களுள் சிலர், ஊருக்குத் திரும்பிவிட்டால் கடனை எப்படி அடைப்பது என்றே கவலைப்பட்டனர். சிலருக்குப் பல மாத ஊதியம் வந்துசேரவில்லை. போர் நடக்கும் மண்ணில் நின்று, உயிரா கடனா என்று எண்ணிப் பார்க்கும் நிலைக்கு ஓர் இருபத்தைந்து வயதுப் பெண்ணைத் தள்ளியது எது? அடுத்த ஆண்டே, 2015-இல், குடியேற்ற அனுமதி கட்டாயமாக உள்ள 18 நாடுகளுக்குச் செவிலியரை அரசு நிறுவனங்கள் வாயிலாகவே அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு விதி வகுத்தது. தமிழ்நாட்டில் இதற்கென 1978 முதலே இயங்கிவரும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. தெருமுனையில் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் முகவரிடம் போகுமுன் அங்கே சென்று விசாரிப்பது நலம்.

வெளிநாட்டுக் கதவுகள் திறப்பதும் மூடுவதும் நம் கையில் இல்லை. 1960-களில் மேற்கு ஜெர்மனி செவிலியரின்றித் தவித்தபோது, திருச்சபையின் தொடர்புகள் வழியாகக் கேரளத்தின் கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே சென்றனர். பனியும் தெரியாது, மொழியும் தெரியாது. கற்றுக்கொண்டனர். உடன்பிறந்தோரைப் படிக்க வைத்தனர், வீடு கட்டினர், தங்கையர்க்கு மணம் முடித்தனர். 1970-களின் பிற்பகுதியில் அந்நாட்டின் தேவை குறையவே, பலருக்கு வேலை அனுமதி நீட்டிக்கப்படவில்லை. திரும்பியோர் திரும்பினர், தங்க முடிந்தவர் தங்கினர். பின்னர், 2021 திசம்பரில் கேரள அரசின் நிறுவனம் ஒன்றும் ஜெர்மன் நாட்டு வேலைவாய்ப்பு முகமையும் செவிலியரை அனுப்பப் புதிதாய் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதே கதவு, நாற்பது ஆண்டுகள் கழித்து! இடையில் அதை நம்பி மட்டும் படித்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? வெளிநாட்டை மட்டுமே குறிவைத்துப் படிக்கும் மாணவிக்கு வருங்காலக் கரிசனை இருப்பதுபோல் தோன்றும்; ஆனால் அது ஒற்றைக் காலில் நிற்கும் கரிசனை. ஜெர்மன் மொழி கற்கட்டும், நல்லதே. அதனோடு, இங்கேயே இருந்தால் என்ன செய்வேன் என்பதற்கும் அவளிடம் ஒரு விடை இருக்கட்டும்.

அவ்விடைகள் பலவாகப் பெருகியுள்ளன என்பதே இன்றைய நற்செய்தி. மூன்றாண்டுப் பட்டயம் பெற்றவர் மேலும் இரண்டாண்டுகள் பயின்று பட்டதாரி ஆகலாம். முதுகலை முடித்து ஆசிரியர் ஆகலாம். தீவிர சிகிச்சையில் தனித்தேர்ச்சி தரும் இரண்டாண்டுப் படிப்பு இருக்கிறது. இயல்பான பிரசவங்களைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் செவிலியரை உருவாக்க 2018-இல் மத்திய அரசு நெறிமுறைகள் வெளியிட்டது. சமூக நலப் பணி, மனநலப் பணி, நோயின் கடைநாள்களில் வலி தணிக்கும் பணி என வார்டுக்கு வெளியேயும் வழிகள் உண்டு. இவற்றை மூன்றாம் ஆண்டு மாணவிகள் பலர் அறியாதிருப்பது வருத்தத்திற்குரியது.

ஒன்றை இங்கே அழுத்திக் கூற விரும்புகிறோம். தகவமைத்துக்கொள்ளுதல் என்னும் சொல் நிர்வாகத்தினர் சிலருக்கு மிகவும் பிடித்த சொல்லாகிவிட்டது. ஆள் குறைவா? தகவமைத்துக்கொள். இரட்டைப் பணியா? தகவமைத்துக்கொள். சான்றிதழை அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, ஈராண்டு முடிந்தால்தான் தருவோம் என்றால், அதற்கும் தகவமைத்துக்கொள். ஆய்வாளர் கூறும் நான்கு கூறுகளுள் தன் வாழ்வைத் தானே நடத்தும் பொறுப்புணர்வும் ஒன்று என்பதை இவர்கள் மறந்துவிடுகின்றனர். நியாயமான ஊதியம் கேட்பது அவ்வுணர்வின் ஒரு வடிவமேயாகும். தனியார் மருத்துவமனைகளில் செவிலியரின் நிலையைப் பற்றி 2016 சனவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதன் பேரில் அமைந்த குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த சிறு மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் எனவும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவற்றில் அரசுச் செவிலியர்க்கு நிகரான ஊதியம் தர வேண்டும் எனவும் பரிந்துரைத்தது. செவிலியர் போராடியதன் பயனாய்க் கேரளம் 2018-இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படை ஊதியமாக அறிவித்தது. அரசுப் பணி என்றாலே தேன் என்பதும் இல்லை. 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட தமிழகச் செவிலியர், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் திரண்டதை நாம் கண்டோம். அப்பெண்கள் தகவமையத் தெரியாதவர்களா என்ன? 2020-லும் 2021-லும் கொரோனா வார்டுகளில் மூச்சு முட்டும் கவச உடைக்குள் மணிக்கணக்கில் நின்றவர்களுள் அவர்களும் இருந்தார்கள். நம் துறவற சபைகளும் மறைமாவட்டங்களும் மருத்துவமனைகள் பல நடத்துகின்றன. அங்குப் பணிபுரிவோரின் சம்பளப் பட்டியலை இந்தப் பரிந்துரையோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. சேவை என்னும் சொல் சம்பளத்தைக் குறைக்கும் கத்தரிக்கோலாகிவிடக் கூடாது.

பெற்றோர் இந்த மே மாதத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. மகளையோ மகனையோ கல்லூரியில் சேர்க்குமுன், தெரிந்த செவிலியர் ஒருவரோடு அரை நாள் பேச விடுங்கள். இரவுப் பணி முடித்து வந்து தூங்கி எழுந்த ஒருவராக இருந்தால் இன்னும் நன்று. பெற்றோர் அருகில் உட்கார வேண்டா. பிள்ளை என்ன கேட்க விரும்புகிறதோ அதைத் தனியே கேட்கட்டும். "வேண்டாம்" என்று திரும்பி வந்தால், அதைக் கோபமின்றிக் கேட்கும் மனம் வேண்டும். "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று வந்தால், நான்காண்டுச் செலவும் எவ்வளவு, கடன் எவ்வளவு, மாதம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்னும் கணக்கை அவள் முன்னிலையிலேயே போடுங்கள். குடும்பத்தின் கணக்கு தெரிந்த பிள்ளை முகவரின் பேச்சில் எளிதில் மயங்குவதில்லை.

கல்லூரியையும் நேரில் பாருங்கள். இந்திய நர்சிங் கவுன்சிலும், 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நம் மாநிலச் செவிலியர் மன்றமும் ஒப்புதல் அளித்துள்ளனவா என்று ஆவணத்தைக் கேட்டுப் பெறுங்கள். கட்டடத்தின் பளபளப்பில் மயங்க வேண்டா. கல்லூரிக்கெனச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் விதிப்படி 100 படுக்கைகளேனும் உள்ளனவா என்று விசாரியுங்கள். ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்பது கவுன்சிலின் கணக்கு. படுக்கைகள் இருந்தால் மட்டும் போதாது. அவற்றில் நோயாளிகள் படுத்திருக்க வேண்டும். ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் நிரம்பும் வார்டுகளைப் பற்றி நாம் கேள்விப்படாமல் இல்லை. ஆகவே, முன்னறிவிப்பின்றி ஒரு வார நாளில், காலை பத்து மணி அளவில் போங்கள். வாசலில் நிற்கும் காவலாளியிடமும் எதிரே டீக்கடை வைத்திருப்பவரிடமும் இரண்டு வார்த்தை பேசுங்கள். இறுதியாண்டு மாணவியர் யாரேனும் கண்ணில் பட்டால், "இங்கே அக்காமார் சொல்லிக் கொடுப்பார்களா, திட்டுவார்களா?" என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள்.